கடைசி வீடு வரை

நுழையும்முன்

இயற்கைச் சீற்றத்தைத் தடுத்து நிறுத்த மனிதரால் இயலாது. ஆயினும் அதன் வருகையை முன்கூட்டியே அறியவும் பிறர்க்கு அறிவிக்கவும் இயலும். அறிவித்தால் மட்டும் போதுமா? அறிவிப்பு ஒவ்வொரு வீட்டையும் அடைய வேண்டும். கேட்டவர் அதை நம்ப வேண்டும். நம்பியவர் உரிய நேரத்தில் பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும். எச்சரிக்கையின் இந்தப் பயணத்தையும் அதில் அக்கம்பக்கத்தாருக்கு உள்ள பங்கையும் புதுச்சேரியில் நடந்த நிகழ்வுகளின்வழி இப்பாடம் விளக்குகிறது.

இரண்டு மணி நேரம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவை ஒட்டிய கடலடியில் மாபெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு 9.1. உலகெங்கும் உள்ள நிலநடுக்கப் பதிவு நிலையங்கள் சில நிமிடங்களிலேயே அதனைப் பதிவு செய்தன. பசிபிக் பெருங்கடல் நாடுகளுக்காக ஹவாய்த் தீவுகளில் இயங்கிவந்த ஆழிப்பேரலை எச்சரிக்கை மையமும் அதனை உடனே அறிந்துகொண்டது. தமிழகக் கரையை ஆழிப்பேரலை தாக்கியபோது நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கடந்திருந்தது.

கரையோரத்தில் வாழ்வோர் மேடான இடத்துக்கு நடந்தே செல்வதற்கு அந்த நேரம் போதுமானது. ஆனால், அறிந்தவரிடமிருந்து அறிய வேண்டியவரிடம் செய்தியைக் கொண்டுசேர்க்கும் அமைப்பு இந்தியப் பெருங்கடல் நாடுகளில் அன்று இல்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 600 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

அதே நாளில், புதுச்சேரி நகருக்குத் தெற்கே உள்ள நல்லவாடு என்னும் மீனவ ஊரில் நிகழ்ந்தது வேறு. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் பணியாற்றிவந்தார். அங்குத் தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைக் கண்ட அவர், தம் வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் ஊருக்குள் வரத் தொடங்கியிருப்பதாக வீட்டார் கூறினர். உடனே வெளியேறுமாறும் மற்றவர்க்கும் சொல்லுமாறும் அவர் பதற்றத்துடன் வலியுறுத்தினார். செய்தி கேட்டவர்கள் ஊரின் அறிவு மையத்தை நோக்கி ஓடினர். பூட்டியிருந்த கதவை உடைத்து உள்ளே சென்று, அங்கிருந்த ஒலிபெருக்கியில் ஊர் முழுவதற்கும் அறிவித்தனர். மக்கள் வீடுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினர். பேரலை ஏறத்தாழ 150 வீடுகளையும் 200 படகுகளையும் அழித்தது. ஆனால், ஏறத்தாழ 3,500 பேர் வாழ்ந்த அவ்வூரின் மக்கள் உயிர் பிழைத்தனர்.

அன்று நல்லவாட்டைக் காத்தவை ஒரு தொலைபேசி அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும் என்று சுருக்கமாகக் கூறலாம். எனினும், தொலைபேசியும் ஒலிபெருக்கியும் வேறு பல ஊர்களிலும் இருந்தன. ஒலிபெருக்கியில் வந்த குரலைக் கேட்டதும் ஓர் ஊரே மறுகேள்வி கேளாமல் புறப்பட்டது எவ்வாறு என்பதே சிந்திக்கத்தக்கது.

நாள்தோறும் பேசிய ஒலிபெருக்கி

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் புதுச்சேரி வட்டாரச் சிற்றூர்களில் அறிவு மையங்களை நிறுவத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை நிலையம் அமைந்தது. எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு முதலிய ஊர்களில் கிளை மையங்கள் உருவாயின. மையத்துக்கான இடத்தை ஊரார் அளித்தனர். ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள், குறிப்பாகப் பெண்கள், கணினியை இயக்கக் கற்றுக்கொண்டனர். சாதி, பால் வேறுபாடின்றி ஊரார் அனைவரும் வந்துசெல்லும் இடமாக மையம் விளங்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனையாக இருந்தது.

வேளாண் ஊர்களின் தேவையும் மீனவ ஊர்களின் தேவையும் ஒன்றல்ல. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியிருந்தது கடலின் நிலை பற்றிய செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் வங்காள விரிகுடாவின் அலை உயரத்தை முன்கணித்து வெளியிட்டுவந்தது. தன்னார்வலர்கள் அதனைப் பதிவிறக்கி, எளிய தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்தனர். கடலுக்குச் செல்வதா, கரையில் தங்குவதா என்பதை முடிவு செய்ய அவ்வறிவிப்பு உதவியது. அலை உயரத்துடன் சந்தை விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவச் செய்திகள் ஆகியனவும் மையங்களின்வழி மக்களைச் சென்றடைந்தன.

ஒலிபெருக்கி சொன்ன அலை உயரத்தை மீனவர் மறுநாளே கடலில் கண்டறிய முடிந்தது. சொன்னது சரியாக இருந்தபோது நம்பிக்கை வளர்ந்தது. இவ்வாறு பல நூறு எளிய நாள்களில் சிறுகச் சிறுகச் சேர்ந்த நம்பிக்கையே, கொடிய நாளொன்றில் உயிர்களைக் காத்தது. ஆபத்து வேளையில் மட்டும் ஒலிக்கும் கருவியைவிட, அன்றாட வாழ்வில் பயன்பட்டுவந்த கருவியின் குரலை மக்கள் விரைந்து நம்புவர்.

உலகின் பிற நாடுகளும் இவ்வுண்மையை வெவ்வேறு வகையில் உணர்ந்துள்ளன. ஜப்பானின் பல ஊர்களில் மாலை வேளையில் பொது ஒலிபெருக்கிகளில் இனிய மெட்டொன்று ஒலிக்கும். பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தை உணர்த்தும் அந்த இசை, பேரிடர்க் காலத்தில் பயன்பட வேண்டிய ஒலிபெருக்கிகள் பழுதின்றி இருப்பதை உறுதி செய்யும் சோதனையுமாகும். பிரான்சில் ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை நண்பகலில் அபாயச் சங்குகளை ஒலிக்கச் செய்து சோதிக்கின்றனர். பழகிய ஒலியே ஆபத்தில் பயன்படும் என்பது இவற்றின் பொதுக் கருத்து.

கரையும் விளக்கு

ஆபத்தை முன்னறிவிக்கும் மரபு தமிழருக்குப் புதிதன்று. இரவில் கடலில் செல்லும் கலங்களுக்கு வழிகாட்ட, உயர்ந்த மாடத்தில் எரிந்த விளக்கினைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. சிலப்பதிகாரம் கலங்கரை விளக்கத்தைப் பெயர் சுட்டியே கூறுகிறது. ‘கரைதல்’ என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கமே கலங்கரை விளக்கம். ஒளியைக் குரலாகக் கண்ட முன்னோரின் சொல்லாட்சி இன்றும் எண்ணி மகிழத்தக்கது.

புறநானூற்றின் ஒன்பதாம் பாடல் எச்சரிக்கையின் அறத்தை எடுத்துரைக்கிறது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாடல் அது. போர் தொடங்குமுன், அம்பு விடப்போவதை அறிவித்துப் பாதுகாப்பான இடத்தை அடையுமாறு கூறும் அறநெறியை அப்பாடல் போற்றுகிறது. அவ்வாறு அறிவிக்கப்படுவோருள் பெண்டிரும் நோயுற்றோரும் இடம்பெறுகின்றனர். தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர் யாவர் என்று எண்ணி, அவர்களைத் தனித்துக் கூறி எச்சரிப்பதே அந்த அறிவிப்பின் சிறப்பு. இக்காலப் பேரிடர் மேலாண்மையும் இதனையே முதன்மையாகக் கருதுகிறது.

புதுச்சேரிக் கடற்கரையும் எச்சரிக்கையின் தேவையைக் கண்ட இடமே. 1761ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் வீசிய புயல், பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் கப்பற்படையைச் சிதைத்தது. பல கப்பல்களும் அவற்றிலிருந்த நூற்றுக்கணக்கானோரும் கடலுள் மூழ்கினர். வலிமை மிக்க கப்பற்படையாயினும், வரவிருக்கும் புயலை நாள் கணக்கில் முன்னறியும் வழி அன்று எவரிடமும் இல்லை. 1836ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஒளிரத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம், கரை இருக்கும் இடத்தை மாலுமிகளுக்கு உணர்த்தியது. வானத்தின் போக்கை உணர்த்த அறிவியலே வழிகாட்ட வேண்டியிருந்தது.

எச்சரிக்கையின் மொழி

இந்திய வானிலை ஆய்வுத்துறை 1875ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று புயலைப் பற்றிய செய்தியை அத்துறை நான்கு படிநிலைகளில் வெளியிடுகிறது. கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 72 மணி நேரத்துக்கு முன் முதல் குறிப்பும், 48 மணி நேரத்துக்கு முன் புயல் விழிப்பறிவிப்பும், 24 மணி நேரத்துக்கு முன் புயல் எச்சரிக்கையும் வெளியாகின்றன. புயல் கரையைக் கடப்பதற்கு 12 மணி நேரத்துக்கு முன், கரை கடந்தபின் உள்பகுதிகளில் ஏற்படக்கூடிய நிலை குறித்த அறிவிப்பு வெளியாகிறது. ஒவ்வொரு படிநிலையும் ஒரு செயலுக்கான நேரத்தைக் குறிக்கிறது. கடலுக்குள் சென்றவர் திரும்புதல், பொருள்களைச் சேமித்தல், தாழ்வான பகுதியினர் இடம்பெயர்தல் என்பன அச்செயல்கள்.

பொதுமக்கள் எளிதில் உணர்வதற்காக நான்கு நிறங்களும் பயன்படுகின்றன. பச்சை, எச்சரிக்கை ஏதும் இல்லை என்பதைக் குறிக்கும். மஞ்சள், நிலைமையைக் கவனித்துவர வேண்டும் என்பதைக் குறிக்கும். ஆரஞ்சு, ஆயத்தமாக வேண்டும் என்று அறிவுறுத்தும். சிவப்பு, உடனே செயல்பட வேண்டும் என்று வலியுறுத்தும். மழையின் அச்சத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக அன்றி, மக்கள் செய்ய வேண்டியதைச் சொல்வதற்காகவே இந்நிறங்கள் வகுக்கப்பட்டுள்ளன.

தெரியுமா?

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டுள்ளன. பகலில் கூம்பு, உருளை வடிவக் குறிகளும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் இவற்றைக் காட்டும். முதல் எண், தொலைவான கடற்பகுதியில் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதைக் குறிக்கும். 8 முதல் 10 வரையிலான எண்கள் பெரும் ஆபத்தை உணர்த்தும். பதினோராம் எண் சற்று வேறுபட்டது. வானிலை எச்சரிக்கை மையத்துடனான தொடர்பு அறுபட்டுவிட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்புள்ளது என்பது அதன் பொருள். செய்தி வராமல் போவதையும் ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளும் குறியீடு இது.

நம்பிக்கையைக் காத்தல்

ஆழிப்பேரலை தாக்கிய நான்கு நாள்களுக்குப் பின், 2004 டிசம்பர் 30 அன்று, மீண்டும் பேரலை வரக்கூடும் என்னும் அறிவிப்பு பரவியது. தமிழகக் கடலோர மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினர். நிவாரணப் பணிகள் தடைப்பட்டன. பேரலை வரவில்லை. சொல்லப்படாத எச்சரிக்கை உயிரைப் பறிக்கும். உறுதியற்ற எச்சரிக்கையோ, அடுத்த எச்சரிக்கையின்மீது மக்கள் கொள்ள வேண்டிய நம்பிக்கையைப் பறித்துவிடும்.

இவ்விரு படிப்பினைகளின் பயனாக இந்தியாவில் அமைப்புகள் உருவாயின. 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில், 2007 அக்டோபர் முதல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கிவருகிறது. கடலடி நிலநடுக்கத்தை உணர்ந்து, கடல்மட்ட அளவிகளின் தரவுகளை ஆராய்ந்து, அலை எழுந்துள்ளதா என்பதை அது உறுதி செய்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பெரிய அலை எழவில்லை என்பது உறுதியானபின் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. எச்சரிக்கையை விடுப்பதைப் போலவே உரிய நேரத்தில் விலக்குவதும் நம்பிக்கையைக் காக்கும் செயலாகும்.

வானம் அறிந்ததும் தெரு அறிந்ததும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்னரே சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டிருந்தது. புயலின் காற்று அத்துணைக் கடுமையாக இல்லை. ஆனால், கரையைக் கடந்த புயல் நகராமல் பல மணி நேரம் அவ்விடத்திலேயே நிலைகொண்டது. டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ. மழை பதிவாயிற்று. ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தாலே அதனை அதிகனமழை என்று வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. பெய்ததோ அதனினும் இருமடங்குக்கு மேல்.

நகரின் தாழ்வான குடியிருப்புகளுள் வெள்ளம் புகுந்தது. கிருஷ்ணா நகர் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை இந்திய இராணுவத்தினர் படகுகளில் மீட்டனர். மழை ஓய்ந்தபின்னும் ஆபத்து ஓயவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணையாற்றில் திறந்துவிடப்பட்டது. அவ்வெள்ளம் மறுநாள் கடலூர் மாவட்டத்தையும் புதுச்சேரியின் பாகூர் வட்டாரத்தையும் சூழ்ந்தது. ஓரிடத்தில் பெய்த மழை, வானம் தெளிந்த வேறோர் ஊருக்கு வெள்ளமாக வந்து சேரும் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் வேறொரு பாடத்தைத் தந்தது. அன்று ஊறு விளைத்தது காற்று. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரத்தை நம்பியிருந்த செய்தித் தொடர்புகளும் உடன் முடங்கின. ஒரே நகரம், இரு புயல்கள். ஒன்றில் காற்று, மற்றொன்றில் நீர். எனவே, கடந்த புயலில் பாதுகாப்பாக இருந்த வீடு அடுத்த புயலிலும் பாதுகாப்பாக இருக்கும் என்று கருத இயலாது.

வானிலைத் துறை ஒரு மாவட்டத்துக்கு எச்சரிக்கை விடுக்கிறது. எந்தத் தெருவின் முனையில் தண்ணீர் முதலில் தேங்கும், எந்த வாய்க்காலின் மதகு அடைபட்டுள்ளது, எந்த வீட்டின் தரைத்தளத்தில் படுக்கையிலுள்ள முதியவர் இருக்கிறார் என்பன அத்துறைக்குத் தெரியா. அவை அத்தெருவில் வாழ்வோருக்குத் தெரியும். வானம் பற்றிய அறிவும் தெரு பற்றிய அறிவும் ஒன்றுசேரும்போதே எச்சரிக்கை முழுமை பெறுகிறது.

கைப்பேசியில் ஒலிக்கும் அபாயமணி

2023ஆம் ஆண்டில் நாட்டின் பல பகுதிகளில் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் உரத்து ஒலித்தன. திரையில் சோதனைச் செய்தி ஒன்று தோன்றியது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் இணைந்து நடத்திய சோதனை அது. இம்முறையில், ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பப்படுவதில்லை. குறிப்பிட்ட பகுதியில் உள்ள கைப்பேசிக் கோபுரங்கள் ஒரே செய்தியை வானொலி போல ஒலிபரப்புகின்றன. அவ்வெல்லைக்குள் இயங்கும் கைப்பேசிகள் அதனைப் பெறுகின்றன. இணைய இணைப்பு தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்த பயணியின் கைப்பேசியும் அதனைப் பெறும். அழைப்புகளால் தொலைபேசி வழிகள் நெரிசலுற்ற வேளையிலும் செய்தி விரைந்து சென்று சேரும். இவற்றுடன், இருப்பிடத்துக்கேற்ற எச்சரிக்கைகளைப் பல மொழிகளில் தரும் ‘சசேத்’ செயலியையும் ஆணையம் வழங்கியுள்ளது.

நல்லவாட்டு ஒலிபெருக்கியின் பணியை இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கருவி செய்ய வல்லது. எனினும் அதற்கும் எல்லைகள் உண்டு. மின்னேற்றம் தீர்ந்த கைப்பேசி ஒலிக்காது. கோபுரம் செயலிழந்தால் செய்தி வாராது. செவித்திறன் குறைந்தவருக்கு ஒலி பயன்படாது. தமிழறியாத புலம்பெயர் தொழிலாளிக்குத் தமிழ்ச் செய்தி புரியாது. தனித்து வாழும் மூதாட்டிக்குச் செய்தி புரிந்தாலும் மாடிப்படி ஏற ஒரு கை வேண்டும். புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என்னும் நான்கு பகுதிகளைக் கொண்ட புதுச்சேரி ஒன்றியப் பகுதி, தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளில் தன் மக்களோடு பேச வேண்டியுள்ளது. எச்சரிக்கையை உருவாக்க அறிவியல் போதும். அதனை அனைவர்க்கும் உரியதாக்க மனிதர் வேண்டும்.

தெருவே முதற்காவல்

பேரிடரின் முதல் சில மணி நேரத்தில் மீட்புப் படையினர் வந்து சேர்வதற்கு முன்னரே உதவக்கூடியவர் அக்கம்பக்கத்தாரே. இதனை அமைப்பு முறையில் செய்துகாட்டிய நாடு வங்காளதேசம். 1970ஆம் ஆண்டு நவம்பரில் அங்கு வீசிய போலா புயலில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் தொடங்கப்பட்ட புயல் ஆயத்தத் திட்டத்தின்கீழ், ஊர்தோறும் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றனர். கொடிகளை ஏற்றியும் கையில் ஏந்திய ஒலிபெருக்கியில் அறிவித்தும் வீடு வீடாகச் சென்று மக்களை அவர்கள் புயல் காப்பகங்களுக்கு அழைத்துச் செல்கின்றனர். 2007ஆம் ஆண்டு சிதர் என்னும் கடும்புயல் தாக்கியபோது இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். அதுவும் பேரிழப்பே. ஆயினும் முந்தைய இழப்போடு ஒப்பிட்டால், புயல் காப்பகங்களோடு வாயிற்கதவைத் தட்டிய கைகளும் காத்த உயிர்கள் எத்தனை என்பது விளங்கும்.

ஒரு தெருவின் பாதுகாப்பு வளங்கள் விலையுயர்ந்த கருவிகள் அல்ல. முதலாவது, தெருவைப் பற்றிய தெளிவான அறிவு. முதியோர், கருவுற்றோர், மாற்றுத்திறனாளிகள், நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் ஆகியோரின் வீடுகள் எவை என்பதும், அவர்களுக்குத் துணைநிற்பவர் யார் என்பதும் முன்னரே முடிவாக வேண்டும். இரண்டாவது, இடம். வெள்ளம் புகாத மேல்தளம், அரசு அறிவித்துள்ள தங்கும் மையம், அங்குச் செல்லும் மேடான வழி ஆகியவற்றை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மூன்றாவது, பொருள். மின்கல வானொலி, கைவிளக்கு, குடிநீர், முதலுதவிப் பெட்டி, நனையாத உறையில் இட்ட சான்றிதழ்கள் என்பன இன்றியமையாதவை. வெள்ளம் வீட்டுக்குள் நுழையுமுன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டிய இடத்தை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான்காவது, சரியான எண்கள். அவசர உதவிகள் அனைத்துக்கும் பொதுவான எண் 112. தீயணைப்புத் துறைக்கு 101, அவசர மருத்துவ ஊர்திக்கு 108. மாவட்ட அவசரகாலச் செயல்பாட்டு மையத்தை 1077 என்ற எண்ணிலும், மாநில அளவிலான மையத்தை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம். கடலில் ஆபத்துக்குள்ளானோரை மீட்க இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. கைப்பேசியில் பதிந்துவைத்த எண், கைப்பேசி இயங்காதபோது உதவாது. ஆதலின், அவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தல் நன்று.

ஐந்தாவது, பொறுப்புடன் பேசுதல். அணை உடைந்தது, பேரலை வருகிறது என்பன போன்ற செய்திகள் கைப்பேசிக் குழுக்களில் நொடியில் பரவுகின்றன. செய்தியை வெளியிட்டவர் யார், எந்த நாளைக்குரியது, எந்தப் பகுதிக்குரியது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாத செய்தியைப் பிறர்க்கு அனுப்பாதிருப்பதும் பேரிடர்க்காலத் தொண்டே. உறுதி செய்யப்பட்ட செய்தியைத் தெரியாதவர்க்கு நேரில் சென்று சொல்வது அதனினும் பெரிய தொண்டு.

நம்பிக்கை ஒரே நாளில் உருவாவதில்லை. மழைக்காலத்துக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரக் கூடிய தெரு, புயல் நாளிலும் கூடும். அண்டை வீட்டு முதியவரை அன்றாடம் நலம் விசாரிக்கும் இளைஞர் சொன்னால், அவர் வீட்டைவிட்டு வெளியேறச் சம்மதிப்பார். முன்பின் அறியாதவர் வந்து கதவைத் தட்டினால் தயங்குவார். நல்லவாட்டில் அலை உயரத்தை நாள்தோறும் சொல்லிவந்த ஒலிபெருக்கி செய்த பணியும் இதுவே. சுமத்ராவின் கடலடியில் எழுந்த அதிர்வைச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் சொன்னார். ஊரில் இருந்தவர்கள் பூட்டை உடைத்துப் பிறர்க்கும் சொன்னார்கள். இன்று அச்செய்தியைச் செயற்கைக்கோளும் கோபுரமும் நொடிகளில் தெருமுனை வரை கொண்டுவந்துவிடுகின்றன. தெருமுனையிலிருந்து கடைசி வீடு வரையிலான தொலைவை அத்தெருவில் வாழ்பவரே நடந்து கடக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவின் வரைபடத்தை வரைந்து, தண்ணீர் தேங்கும் இடங்கள், மேடான இடங்கள், உதவி தேவைப்படுவோர் வாழும் வீடுகள் ஆகியவற்றை அவர்களின் இசைவு பெற்றுக் குறிக்க.

2. உங்கள் ஊர் கண்ட புயல் அல்லது வெள்ளம் குறித்து மூத்தோர் ஒருவரிடம் கேட்டு, அன்று அவர்களுக்கு எச்சரிக்கை எவ்வழியில் வந்தது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. வானிலைத் துறையின் எச்சரிக்கை அறிவிப்பு ஒன்றை, எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்குப் புரியும் வகையில் ஐந்து தொடர்களில் எடுத்துரைக்க.

வினாக்கள்

குறுவினா

1. ‘கலங்கரை விளக்கம்’ என்னும் சொல்லின் பொருளை விளக்குக.

2. பதினோராம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு உணர்த்துவது யாது?

சிறுவினா

3. கைப்பேசிக் கோபுரங்களின்வழி ஒலிபரப்பாகும் எச்சரிக்கையின் சிறப்புகளையும் எல்லைகளையும் எழுதுக.

4. ‘வானம் அறிந்ததும் தெரு அறிந்ததும்’ ஒன்றுசேர வேண்டியதன் தேவையை ஃபெஞ்சல் புயலின்வழி விளக்குக.

நெடுவினா

5. நல்லவாட்டு மக்கள் உயிர் பிழைத்ததற்கு, ஆழிப்பேரலைக்கு முந்தைய நாள்களில் உருவான நம்பிக்கையே காரணம் என்னும் கருத்தைச் சான்றுகளுடன் நிறுவுக.